ஒரே குரலில் எழுந்தவர்கள் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரை, 13 காலனிகளின் மக்கள் அனைவரும் ஒரே குரலில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து எழுந்ததாகக் கூறியிருந்தது. இது வரலாற்றோடு பொருந்தாது. விடுதலையின் பக்கம் நின்றவர்கள் கொடுத்த விலையையும் இது மறைத்துவிடுகிறது.

தேசப்பற்றாளர்கள் எனப்பட்ட அவர்களுள் பெரும்பாலோர் பிரிட்டிஷ் வம்சாவளியினர். மன்னரின் குடிகளாகவே பிறந்து வளர்ந்தவர்கள். 1765-இல் முத்திரைத்தாள் வரிச் சட்டம் வந்தபோதுகூட, தங்கள் பிரதிநிதி ஒருவரும் இல்லாத நாடாளுமன்றம் தங்கள் மீது வரி விதிக்கக் கூடாது என்றுதான் வாதிட்டார்களே தவிர, தனி நாடு கேட்கவில்லை. 1773 டிசம்பர் 16 இரவில் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டியது பலரும் அறிந்த செய்தி. அந்தத் தேயிலை, அன்று சென்னைக் கோட்டையில் அமர்ந்து ஆட்சி செய்துகொண்டிருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. மறு ஆண்டு வட கரோலினாவின் ஈடன்டன் என்ற சிற்றூரில் 51 பெண்கள், பிரிட்டிஷ் தேயிலையையும் துணியையும் புறக்கணிக்கும் உறுதிமொழியில் தங்கள் பெயரை எழுதிக் கையொப்பமிட்டார்கள். அரசியலில் பெண்களுக்கு இடமே இல்லாத காலத்தில் அவர்கள் செய்த இச்செயலுக்குக் கட்டுரையில் ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.

அரசருக்கு விசுவாசமாக நின்றவர்களும் அதே தெருக்களில், அதே வீடுகளில் இருந்தார்கள். விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட பெஞ்சமின் பிராங்க்ளினின் மகன் வில்லியம், நியூ ஜெர்சியின் ஆளுநராக மன்னரின் பக்கமே நின்று 1776-இல் கைதானார். நோயுற்ற மனைவியைக் காண அவர் வேண்டியும் அனுமதி கிடைக்கவில்லை. அவர் சிறையில் இருக்கும்போதே அந்த அம்மையார் இறந்துபோனார். போரின் முடிவில் ஏறத்தாழ 60,000 விசுவாசிகள் நாட்டை விட்டு வெளியேறினார்கள்.

அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களின் நிலையையும் கட்டுரை தொடவில்லை. கிளர்ச்சியாளர்களிடமிருந்து தப்பி வந்து தன் படையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை தருவதாக வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர் 1775 நவம்பரில் அறிவித்தபோது, நூற்றுக்கணக்கானோர் அவரிடம் ஓடினார்கள். அவர்களுக்கு விடுதலை மன்னரின் பக்கத்தில் தெரிந்தது.

பிராங்க்ளின் தன் மகன் வில்லியமை இறுதிவரை மன்னிக்கவில்லை. போரில் அவன் தனக்கு எதிராக நடந்துகொண்டதையே காரணமாகச் சொல்லி, அவனுக்கு அற்பமானதையே உயிலில் எழுதிவைத்தார். இத்தகைய செய்திகளையும் சேர்த்து அக்கட்டுரையின் தொடர்ச்சியை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்