துவாண்டே கிண்ணம்

ரங்கூன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

சிங்கப்பூர் வரும் எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அப்பாவின் பழைய லுங்கியில் சுற்றியிருக்கிறது. அவர் அதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார், நீ சொல்லிவிடாதே.

போன வாரம் தலாவுக்குப் படகேறி, அங்கிருந்து மண்பாண்டம் செய்யும் ஊரான துவாண்டே போனோம். ஒரு பெண் காலால் சக்கரத்தைத் தள்ள, எதிரே உட்கார்ந்தவர் களிமண் உருண்டையை நடுவில் அறைந்து வைத்தார். அதை நடுவுக்குக் கொண்டுவரத்தான் நேரம் பிடித்தது. பிறகு கட்டைவிரலால் குழித்து, உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவர் எழுந்துவிட்டது. அடியை நூலால் அறுத்து எடுத்தார். "இவ்வளவு பெரிதா?" என்றேன். காய்ந்து சூளையிலிருந்து வரும்போது பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடுமாம். உனக்கு வருவது அதற்கு முன்பே சுட்டு வைத்திருந்த அண்ணன்.

உள்ளே விரல் ஓடிய சுற்றுக்கோடுகள் தெரியும். விளிம்பு ஓரிடத்தில் தாழ்ந்திருக்கும். நேரான ஒன்றை எடுக்கச் சொன்னார் அப்பா. நேரானது வேண்டுமென்றால் அச்சில் வார்த்தது சந்தையில் குவிந்து கிடக்கிறதே! அடியில் மட்டும் பூச்சு இருக்காது. பூச்சு சூட்டில் உருகிக் கண்ணாடியாகிறது; அடியிலும் பூசினால் சூளையிலேயே ஒட்டிக்கொள்ளும். அந்தச் சொரசொரப்பு மேசையைக் கீறும், துணி விரித்து வை.

அப்பாவின் ஊரான மோல்மீனுக்கு எதிர்க்கரைதான் மர்த்தபான். அங்கிருந்து கப்பலேறிய ஜாடிகளுக்கும் அதே பெயர். 14-ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சுற்றிய மொராக்கோ பயணி இப்னு பதூதாவுக்கு அப்படிப்பட்ட ஜாடிகளில் இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய் போட்டுக் கொடுத்தார்களாம். அதைக் கேட்டு நீயும் இதில் ஊறுகாய் போட்டுவிடாதே. பூச்சில் ஈயம் உண்டா என்று கேட்டேன், கடைக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. ஈயம் இருந்தால் புளிப்பில் இறங்கும். ரசம், தயிர், புளிக்குழம்பு வேண்டாம். முறுக்கோ தோல் உரிக்காத வாழைப்பழமோ வை. ஆனால் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்தாயென்றால் அடுத்த முறை பிளாஸ்டிக்தான் வரும்.

பிரித்ததும் விரல் முட்டியால் தட்டிப் பார். கடையில் நான் தட்டியபோது கணீரென்றது. இப்போது டொக்கென்றால் வழியில் விரிசல் விட்டிருக்கிறது. போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டு, நானும் கேட்கிறேன்.

அம்மா