செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நீலகிரியிலுள்ள முக்குருத்தி தேசியப் பூங்காவின் கிழக்கு எல்லையை ஒட்டி வாழும் நம் ஊர்களின் நலச் சங்கம் சென்ற ஆண்டு செய்த பணிகளை இங்கே சமர்ப்பிக்கிறேன்.

கொடியேற்றம், கண் பரிசோதனை முகாம், அக்டோபர் 7 வரையாடு தினத்தன்று மாணவர்களுக்கான ஓவியப் போட்டி ஆகியவை வழக்கம்போல் நடந்தன. காட்டெருமை புகுந்து சேதமான காய்கறித் தோட்டங்களுக்கு இழப்பீடு கோரும் மனுக்களை உறுப்பினர்களுக்கு எழுதிக் கொடுத்தோம். பல இன்னும் நிலுவையில் உள்ளன.

நான் விரிவாகச் சொல்ல வேண்டியது சீகை (வாட்டில்) மரக்கன்றுகளை அகற்றும் பணியைப் பற்றியே. தோல் பதனிடும் பட்டைக்காகச் சென்ற நூற்றாண்டில் நம் புல்வெளிகளில் பெருமளவில் நடப்பட்ட மரம் சீகை. அதன் விதை மண்ணுக்குள் பல்லாண்டுகள் சாகாமல் கிடக்கும். காட்டுத்தீ பட்டாலோ, மரத்தை வெட்டி வெளிச்சம் விழுந்தாலோ கூட்டமாக முளைத்தெழும். பூங்காவின் பரப்பு ஏறக்குறைய 78 சதுர கிலோமீட்டர்தான். வனத்துறை உள்ளே எவ்வளவு அகற்றினாலும், நம் பக்கத்தில் முதிரும் விதை மழைத்தண்ணீரோடும் அள்ளிக் கொட்டும் மண்ணோடும் பரவிக்கொண்டே இருந்தால் அந்த உழைப்பு வீணாகும். பகையைத் தூரத்திலேயே கண்டு பாறைச் சரிவுக்கு ஓடித் தப்புகிற வரையாட்டுக்குத் திறந்த புல்வெளி இல்லாவிட்டால் வாழ்வில்லை. 2024 கணக்கெடுப்பில் 1,031 ஆக இருந்த தமிழக வரையாடுகள் 2025இல் 1,303 ஆகப் பதிவானது மகிழ்ச்சியே. ஆனால் கணக்கெடுத்த பகுதிகளும் அவ்வாண்டு கூடியிருந்தன என்பதை மறந்து நாம் ஓய்ந்துவிடக் கூடாது.

சீகையை அகற்றினால் விறகுக்கு எங்கே போவது என்று கடந்த பொதுக்குழுவில் எழுந்த கேள்வி நியாயமானது. கேஸ் அடுப்பு வந்த பிறகும் வெந்நீருக்கும் பனிக்காலக் கணப்புக்கும் சீகை விறகையே நம்பியிருக்கும் குடும்பங்கள் நம்மில் அநேகம். ஆகவேதான் மேட்டுப் புல்வெளியில் கன்றுகளை மட்டும் வேரோடு பிடுங்குவது, ஊரை ஒட்டிய பழைய தோப்பை அப்படியே விடுவது என்று தீர்மானித்தோம். வயதான சீகையின் நிழலில், நம் மலையின் இயற்கைக் காடான சோலையின் மரக்கன்றுகள் தாமாக முளைத்து வருகின்றன. தோப்பை மொட்டையடித்தால் முதல் உறைபனியிலேயே அவை கருகிவிடும். 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி பெரிய மரங்களை வெட்ட அனுமதி வேண்டும். சரிவில் நடுத்தர வயதில் நிற்கும் சில மரங்களுக்காக நாம் கொடுத்த விண்ணப்பம் உரிய அலுவலகத்தில் மாதக்கணக்கில் பதிலின்றிக் கிடக்கிறது. மழை விழுந்து மண் இளகியிருந்த நாட்களில் ஊர்ப் பொது நிலத்து மேற்குச் சரிவு முழுவதிலும் கன்றுகளைப் பிடுங்கி முடித்தோம். மந்துகள் எனப்படும் தங்கள் குடியிருப்புகளிலிருந்து வந்த தோடர் பழங்குடிப் பெரியவர்கள், கோயில் வேயும் புல் முன்பு எந்தச் சதுப்பில் வளர்ந்தது என்று காட்டித் தந்தார்கள். அவ்விடத்தை இப்போது வேலியிட்டுக் காத்து வருகிறோம். இச்சரிவுகளே நம் குடிநீரின் ஊற்று என்பதையும், 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியபோது சரிந்த மண்ணையும் கண்ட நமக்கு இப்பணியின் தேவையை நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

கேரளத்தின் ஆனைமுடிச் சோலை தேசியப் பூங்காவில், பழத்தோட்டம் பகுதியில் இதே சீகையை அகற்றிப் புல்வெளியை மீட்டபோது எல்லையோர மக்கள் கூலி பெற்று வேலை செய்தார்கள். நம்மிடம் கூலி கொடுக்கப் பணமில்லை. உறுப்பினர்களின் கைகளைத்தான் நம்பினோம். இதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்: தீர்மானத்துக்கு ஒருமனதாகக் கை உயர்த்தியவர்களில் பாதிப்பேர்கூடச் சரிவுக்கு வரவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்தில் நாள் முழுதும் இலை பறித்துவிட்டு ஞாயிறு ஓய்வையும் விட்டுக்கொடுத்த பெண்கள்.

உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற வரம்பு வந்தது. இதனால் வருமானம் குறைந்தது என்று கூறித் தங்கும் விடுதி நடத்தும் உறுப்பினர்கள் சிலர் சந்தாவை நிறுத்திவிட்டனர். அவர்களுடைய கஷ்டத்தைச் சங்கம் மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு அதற்கு முந்தைய ஆண்டுகளின் பாக்கியும் இருக்கிறது. அவர்களுடைய விளம்பரப் பலகைகளில் இருக்கும் வரையாடும் பசும்புல் மேடும் இச்சரிவுகளைச் சார்ந்தவைதாம். விடுதிகளின் உணவுக் கழிவு இரவில் திறந்து கிடப்பதும் கரடிகளை ஊருக்குள் பழக்குகிறது. மூடியுள்ள தொட்டி வைக்க வேண்டும் என்று எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை.

கணக்கைப் பொறுத்தவரை, வரவைவிடச் செலவு சற்றுக் கூடியது. பற்றாக்குறையை முந்தைய ஆண்டின் இருப்பிலிருந்து ஈடுசெய்தோம். தணிக்கை முடிந்ததும் பொருளாளர் முழு விவரத்தையும் வைப்பார்.

ஒத்துழைத்த வனத்துறைப் பணியாளர்கள், ஊராட்சி நிர்வாகம், ஒலிபெருக்கி தந்து உதவிய அன்பர், செயற்குழுவினர் அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி மறைக்காமல் சொல்வது என் கடமை. பிடுங்கிய இடத்தில் மண்ணில் கிடந்த விதை மீண்டும் முளைத்திருக்கிறது, இது எதிர்பார்த்ததே. அடுத்த மழைக்கும் அதற்கடுத்த மழைக்கும் ஆள் போனால்தான் புல் தலையெடுக்கும். ஓராண்டு விட்டாலும் சரிவு பழைய நிலைக்குப் போய்விடும். வருபவர்களின் எண்ணிக்கை இதே அளவில் இருந்தால், கிழக்குச் சரிவை எடுத்துக்கொள்ளும் திட்டத்தைச் செயற்குழுவுக்குப் பரிந்துரைக்க என்னால் இயலாது. ஜூன் மாதத்துக்கான குழுப் பட்டியல் பொருளாளரின் மேசையில் உள்ளது. உறுப்பினர்கள் கூட்டம் முடிந்து புறப்படும் முன் தங்கள் பெயரை எழுதுமாறும், பாக்கி உள்ளவர்கள் அங்கேயே ரசீது பெற்றுக்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்