குற்றக்கதை சொல்லும் தமிழ்க் காணொளியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். 1888-இல் லண்டனில் பெண்களைக் கொன்று, கடைசிவரை பிடிபடாத ஜாக் தி ரிப்பர் யார் என்று உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆண்டுக்கு இரண்டு முறையாவது உங்களில் யாராவது அவனைக் கண்டுபிடித்துவிடுகிறீர்கள். சென்ற வாரமும் ஒருவர் கண்டுபிடித்தார். காணொளியின் முகப்பில், அவனுக்குப் பலியான கேத்தரின் எட்டோஸின், பிணவறையில் எடுத்த புகைப்படம். அதன்மேல் சிவப்பு அம்புக்குறி. உள்ளே மூடுபனி, உயரத் தொப்பி, கறுப்பு அங்கி, தோல் பை. இறுதியில், கொலையாளி அரச மருத்துவர் சர் வில்லியம் கல் என்ற தீர்ப்பு. நான் பணிவாக எழுதிய திருத்தம் மாலைக்குள் நீக்கப்பட்டிருந்தது. ஆகவே இந்த மடல்.

1888-இல் அந்த மருத்துவருக்கு வயது 71. முந்தைய ஆண்டுதான் பக்கவாதம் தாக்கியிருந்தது. பலியான இன்னொரு பெண் மேரி கெல்லி இறந்த இரவில் கொட்டியது மழை என்று விசாரணையில் சாட்சி இருக்கிறது. எட்டோஸ் என்று கருதப்படும் பெண்ணுடன் ஓர் ஆணைப் பார்த்த ஜோசப் லாவெண்டே சொன்னதோ, முன்விளிம்பு வைத்த துணித்தொப்பியும் மாலுமி போன்ற தோற்றமும். ‘ஜாக் தி ரிப்பர்’ என்ற பெயரே செய்தி நிறுவனம் ஒன்றுக்குச் சிவப்பு மையில் வந்த கடிதத்தில் பிறந்தது. அது ஒரு பத்திரிகையாளரின் கைவேலை என்று அன்றைய காவல்துறை மேலதிகாரிகளே பின்னாளில் எழுதினார்கள். இவையெல்லாம் நீங்களும் படித்திருப்பீர்கள். படித்தும் சொல்லாமல் விடுவதுதான் வருத்தம்.

நீங்கள் அம்புக்குறி போட்ட அந்த முகத்துக்கு உரிய எட்டோஸுக்கு வயது 46. கென்ட்டில், பியர் தயாரிக்க உதவும் ஹாப்ஸ் பூக்களைப் பறிக்கும் கூலி வேலைக்குப் போய், கையில் காசில்லாமல், துணைவர் ஜான் கெல்லியுடன் லண்டன் திரும்பியவர். ஜானின் பூட்ஸை அடகு வைத்துத்தான் இருவரும் சாப்பிட்டிருக்கிறார்கள். செப்டம்பர் 29 இரவு குடிபோதைக்காகப் பிஷப்ஸ்கேட் காவல் நிலையத்தில் அடைக்கப்பட்டு, நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு வெளியே விடப்பட்டார். 1.44-க்கு மைட்டர் சதுக்கத்தில் ரோந்துக் காவலர் அவர் உடலைக் கண்டார். அவரிடமிருந்த பொருள்களைக் காவல்துறை ஒன்றுவிடாமல் எழுதி வைத்தது: ஒரு டப்பாவில் தேயிலை, இன்னொன்றில் சர்க்கரை, ஆறு சோப்புத் துண்டுகள், சீப்பு, சணல் உருண்டை, சிவப்புத் துணியில் குத்திய ஊசிகள், இரண்டு களிமண் புகைக்குழாய்கள், கடுகு டப்பாவில் அடகுச் சீட்டுகள். வைத்துவிட்டு வர வீடில்லாததால் குடித்தனம் முழுவதையும் உடம்பிலேயே சுமந்து நடந்திருக்கிறார். உங்கள் நாற்பது நிமிடக் காணொளியில் இந்தப் பட்டியலுக்கு அரை நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

கிடைத்திருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும். 2014-இல் ‘டி.என்.ஏ. நிரூபித்துவிட்டது’ என்று உலகமே பேசிய, எட்டோஸுடையது எனப்பட்ட அந்தச் சால்வை இந்தப் பட்டியலில் இல்லை. சீப்பையும் சோப்பையும் எழுதிய கை சால்வையை மட்டும் விட்டுவிட்டதா என்று கேட்கத் தோன்றாதவர்கள், சந்தேக நபர்களில் ஒருவரான கொஸ்மின்ஸ்கிதான் கொலையாளி என்று அறிவித்தீர்கள். சென்ற வாரம் மருத்துவர். அடுத்த மாதம் இளவரசரா?

எனக்கென்னவோ, கொலையாளி மாளிகைக்காரனாக இல்லாவிட்டால் பார்வை எண்ணிக்கை ஏறாது என்ற கணக்கு இதில் இருப்பதாகப் படுகிறது. நான்கு பென்னி படுக்கைக் காசு இல்லாததால் விடுதியிலிருந்து அனுப்பப்பட்டு, அதே கொலையாளிக்குப் பலியான மேரி ஆன் நிக்கல்ஸுக்குக் குரல் தழுதழுக்க ஒரு வரி, அடுத்த நொடியே கடன் செயலி விளம்பரம். பழைய வழக்குகள் எல்லாவற்றையும் இப்படித்தான் கையாளுகிறீர்கள். செத்தவர் வழக்குத் தொடுக்க மாட்டார் அல்லவா?

கடுமை மிகுந்துவிட்டது, பொறுத்தருள்க. ஊகங்களைச் சொல்லவே கூடாது என்று நான் கேட்கவில்லை. 1894-இல் காவல்துறை அதிகாரி மெக்னாட்டன் சந்தேக நபர்களைப் பற்றி எழுதிய குறிப்பையும் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் 31 வயது வழக்கறிஞரும் ஆசிரியருமான ட்ரூயிட் என்ற சந்தேக நபரை அவர் 41 வயது மருத்துவர் என்று தவறாக எழுதினார் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். இது விசாரணைப் பதிவு, இது பிறகு முளைத்த கதை என்று பிரித்துச் சொல்லுங்கள் என்பதே என் கோரிக்கை. மறுபடியும் கேட்கிறேன்: பிரித்துச் சொல்லுங்கள். அதற்கு முன்னதாக, சென்ற வாரக் காணொளியின் முகப்பிலிருந்து அந்தப் பிணவறைப் படத்தை உரியவர் எடுத்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் நேயர் ஒருவர்