கேட்பது முறைதான்

பாபநாசம்,
3.8.2024

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. போனில் பேசாமல் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய் என்றால் மனசில் எவ்வளவு பாரம் இருந்திருக்கும் என்று தெரிகிறது. மாசி அறுவடைக்குக் கதிர் அறுக்கும் மெஷினோடு போன பிள்ளை, இப்போது பாதம் நசுங்கி, ஊன்றுகோலை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான் என்று படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தம்பி மகன் என்றாலும் அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவன் நீ.

முதலில் உன் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். "மெஷின்காரர் ஆஸ்பத்திரிச் செலவு பூராவும் கட்டிட்டார், இதுக்கு மேல வக்கீல் வச்சுக் கேக்குறது முறையா?" என்று எழுதியிருக்கிறாய். முறைதான். கேட்டே ஆக வேண்டும்.

என் தங்கை மகன் விஷயம் உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். முழுசாகச் சொல்கிறேன், உனக்கு உதவும்.

2021-இல் அவன் இந்தப் பக்கத்து நெல் அரவை மில் ஒன்றில் வேலை பார்த்தான். நெல்லை மேலே ஏற்றுகிற எலிவேட்டர் அடியில் நெல் அடைத்துக்கொண்டது. அந்த இடத்து இரும்பு மூடி கழன்று மாதக்கணக்காக உமி மூட்டைக்குப் பின்னால் கிடந்தது, யாரும் திருப்பி மாட்டவில்லை. எல்லாரும் செய்வதுபோல இவனும் கையை விட்டு நெல்லை வாரித் தள்ளியிருக்கிறான். நின்றிருந்த பெல்ட் சட்டென்று ஓடிவிட்டது. வலது கையில் நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றும் அடியோடு போய்விட்டன. வயசு 35.

முதலாளி கெட்டவர் இல்லை. தன் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார், சீட்டெல்லாம் ரத்தம். ஆபரேஷனுக்குப் பணம் கட்டினார். தங்கை வீட்டுக்கு அரிசி மூட்டை வந்தது. கொஞ்ச நாளில் கணக்குப்பிள்ளை முத்திரைத்தாளோடு வந்தார். 40,000 ரூபாய் கொடுத்து, "இனி மில்லுக்கும் எனக்கும் எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று எழுதிக் கேட்டார். கட்டுப் போட்ட கையால் பேனா பிடிக்க முடியாது. இடது கைப் பெருவிரலில் மை தடவி ரேகை வாங்கிக்கொண்டு போனார். "அவங்க உப்பைத் தின்னுருக்கோம், போதும்ணே" என்றாள் தங்கை.

இந்த உப்புப் பேச்சுதான் நம் பக்கத்தில் ஆளைக் கட்டிப்போடுகிறது. நம் தாத்தாமார் பண்ணையில் கிடந்த காலத்தில் தண்டனை என்று சாணிப்பால் குடிக்க வைப்பதும் சவுக்கடியும் இருந்தன. கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்ச் சங்கம் கட்டி அதை ஒழித்தார்கள். 1952-இல் தஞ்சை மாவட்டத்துக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலி கேட்டதில் வளர்ந்த பகையில் 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 உயிர் எரிந்து போனது. இவ்வளவும் நடந்த மண்ணில் பிறந்துவிட்டு, போன விரலுக்கும் நசுங்கிய காலுக்கும் கேட்க வாய் வரவில்லை என்றால் எனக்கு ஆறவில்லை. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-லேயே வந்துவிட்டது. நூறு வருஷமாக இருக்கிற உரிமை அது. முதலாளி மனசு வைத்துக் கொடுக்கிற தர்மத்தோடு அதைச் சேர்க்கக் கூடாது.

நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று இருக்கிறதே, அங்கே போனோம். தொழிற்சாலைத் தொழிலாளி, பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் இவர்களுக்கெல்லாம் வருமானத்தைப் பார்க்காமலேயே இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்று 1987-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. வட்டத் தலைநகர் நீதிமன்றங்களிலும் இதன் குழு உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் போட்டாலும் வழி சொல்வார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு இளம் பெண் வக்கீல். அந்தப் பெருவிரல் ரேகைத் தாளை நீட்டி, "எழுதிக் கொடுத்துட்டானேம்மா" என்றேன். வாங்கிப் படித்துவிட்டு, "உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்னு தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அது சட்டப்படி செல்லாது சார். இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை, இழப்பீட்டு வழக்கை விசாரிக்கிற ஆணையர்கிட்ட பதிவு பண்ணணும். இது பதிவே ஆகலையே" என்றார். தங்கைக்கு அன்றைக்குத்தான் முகத்தில் உயிர் வந்தது.

கணக்கையும் அவரே போட்டுக் காட்டினார். நாள் கூலி 600, மாதம் 26 நாள் என்றால் 15,600. ஆனால் சட்டத்தின் கணக்குக்கு மாதச் சம்பளம் அதிகபட்சம் 15,000தான், 2020 ஜனவரியிலிருந்து இப்படி. அதில் 60 சதவீதம் 9,000. 35 வயசுக்குச் சட்ட அட்டவணையில் உள்ள காரணி எண் 197.06. பெருக்கினால் 17,73,540. வேலையே செய்ய முடியாமல் போனவனுக்கு இந்தத் தொகை முழுவதும் சேரும். ஒரு கையில் மூன்று விரல் போனால் 30 சதவீத இழப்பு என்று அட்டவணை சொல்கிறது. ஆக 5,32,062 ரூபாய். 40,000-க்கு ரேகை வாங்கிப் போனார்களே, அதை நினைத்துப் பார்!

முதலாளி தரப்பு வக்கீல் முதலில் "இவன் எங்கள் ஆளே இல்லை, மேஸ்திரி கூட்டி வந்த ஆள்" என்றார். மேஸ்திரி மூலம் வந்தாலும் மில்லின் வேலைக்கு மில்காரர்தான் பொறுப்பு, வேண்டுமானால் அவர் மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அடுத்து "அவனே கையை விட்டான், அஜாக்கிரதை" என்றார். வெறும் அஜாக்கிரதையால் இழப்பீடு போய்விடாது. குடித்திருந்தான், பாதுகாப்புக்காகப் போட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறினான், பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றினான் என்று எதையாவது காட்டியாக வேண்டும். அப்படிக் காட்டினாலும் சாவுக்கும் முழு ஊனத்துக்கும் அந்தச் சாக்கு எடுபடாது. ஆஸ்பத்திரிக்குக் கொடுத்ததைக் கழிக்க வேண்டும் என்றார் கடைசியாக. வைத்தியத்துக்குக் கொடுத்தது இழப்பீட்டில் சேராது, அந்த 40,000-ஐ மட்டும் கழித்துக்கொள்ளலாம் என்று ஆனது.

ஆனால் வழக்கு நின்றது ஒரு சாட்சியால்தான். மில் களத்தில் நெல் கிளறுகிற ஒரு அக்கா, அதே மில்லில் இன்னமும் கூலிக்கு நிற்கிறவர், படியேறி வந்தார். கைகள் நடுங்கின, முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தார். "அவன் கத்துனான், நான்தான் ஓடிப்போயி சுவிட்ச அமத்துனேன். மூடி அங்க இல்ல. இருந்தா எதுக்குக் கை உள்ள போவுது?" அவ்வளவுதான் சொன்னார். மறுநாளிலிருந்து அவருக்கு மில்லில் வேலை இல்லை. அந்த அக்கா எங்கள் குடும்பத்துக்குச் செய்ததை நான் உயிரோடு இருக்கிற வரை மறக்க மாட்டேன். இப்போது தங்கை வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் முதல் வெற்றிலை பாக்கு அவருக்குத்தான்.

மனுப் போட்ட மூன்று மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் 2023-இல்தான் உத்தரவு வந்தது. ஆனால் விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி ஏறும். அதுவும் சேர்ந்து வந்தது. இன்னொன்றைக் கேள். மில்காரர் தொழிலாளிகளுக்கென்று வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டி வந்திருக்கிறார். தொகையையும் வட்டியையும் கட்டியது இன்சூரன்ஸ் கம்பெனிதான். இவர் கைக்காசு பெரிசாகப் போகவில்லை. போன பொங்கலுக்குக் கடைத்தெருவில் பார்த்தேன், நின்று "கை எப்படி இருக்கு?" என்று விசாரித்தார். கேட்டால் உறவு முறிந்துவிடும் என்று தங்கை பயந்தாள். அப்படி ஒன்றும் ஆகவில்லை.

இப்போது உன் பிள்ளை விஷயம். மெஷின்காரர் வெளி மாவட்டம், நியமன உத்தரவு இல்லை, சீசனுக்குப் போனவன், எங்கே போய்க் கேட்பது என்று மலைக்கிறாய். மெஷின் வைத்து அறுவடை செய்வதும் கதிரடிப்பதும் இந்தச் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. தற்காலிக ஆள் என்று தள்ளிவிட 2000-ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு வழியில்லை. விபத்து நடந்த இடத்திலும் போடலாம், பாதிக்கப்பட்டவன் குடியிருக்கும் ஊருக்குரிய ஆணையரிடமும் போடலாம். மெஷின்காரர் ஊருக்கு நீங்கள் அலைய வேண்டாம். கெடு விபத்து நாளிலிருந்து இரண்டு வருஷம். மாசியில் நடந்தது, நாள் இருக்கிறது. இருக்கிறதே என்று விட்டுவிடாதே. கூட வேலை பார்த்த பையன்கள் அடுத்த சீசனுக்கு வேறு மெஷினில் ஏறிவிட்டால் சாட்சிக்கு எங்கே தேடுவாய்?

காலை எடுக்கவில்லை, பாதம் நசுங்கி எலும்பு கோணலாகச் சேர்ந்திருக்கிறது என்கிறாய். அது அட்டவணையில் வராது. இங்கேதான் கவனம் வேண்டும். ஊனம் இத்தனை சதவீதம் என்று எழுதுவது வேறு, சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போயிற்று என்பது வேறு. இரண்டாவதைத்தான் டாக்டர் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். 1975-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. இடது கை முழங்கைக்கு மேல் போன ஒரு தச்சர். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகையால் அவருக்கு முழு இழப்பு என்று தீர்ப்பானது. உன் பிள்ளை பார்த்ததும் சேற்றிலும் வரப்பிலும் மெஷின் ஏறி இறங்குகிற வேலை. அதை அந்தப் பாதத்தோடு செய்ய முடியுமா என்றுதான் வக்கீல் கேட்க வேண்டும். வேலைக்குப் போக முடியாமல் கிடந்த காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் கால் பங்கு தர வேண்டும் என்றும் இருக்கிறது, அதையும் விடாதீர்கள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே யாரோ வந்து "முடிச்சுத் தர்றேன், வர்றதுல மூணுல ஒரு பங்கு" என்று சொன்னானாமே. அவனைக் கிட்டே சேர்க்காதே. ஜெயித்தால் இத்தனை பங்கு என்று வக்கீலே பேசக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. இவன் வக்கீல் கூட இல்லை. வக்கீல் சரிப்படவில்லை என்றால் பதிவு பெற்ற தொழிற்சங்கத்துக்காரர் கூட ஆணையர் முன்னால் உங்களுக்காக நிற்கலாம், அப்படி ஒரு வழியும் இருக்கிறது.

எங்கள் பக்கம் குறுவை இந்த வருஷம் போர்வெல் வைத்தவனுக்குத்தான். மேட்டூரை ஜூன் 12-இல் திறக்கவில்லை, ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். இப்போது பார், அணை நிரம்பிக் கொள்ளிடத்தில் வெள்ளமாகப் போகிறது. நான் சம்பாவுக்கு நாற்றங்கால் தயார் செய்துகொண்டிருக்கிறேன். தங்கை மகன் வந்த பணத்தில் கடனை அடைத்துவிட்டு, மீதியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாக மளிகைக் கடை வைத்திருக்கிறான். பொட்டலத்தை இரண்டு விரலால் மடித்து நூல் சுற்றுகிறான், ஆரம்பத்தில் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது, இப்போது வேகமாகிவிட்டான். சின்னவள் நர்சிங் இரண்டாம் வருஷம். அங்கே தங்கச்சிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது?

நீ வரும் வெள்ளிக்கிழமை பிள்ளையை அழைத்துக்கொண்டு புறப்பட்டு வா. அந்த வக்கீலம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் தாள், எக்ஸ்ரே, ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எழுதிய விபத்துப் பதிவேட்டின் நகல் எல்லாம் வேண்டும். அந்த நகலில் என்ன எழுதியிருக்கிறது என்று வாங்கியதும் படி. "வீட்டில் விழுந்தான்" என்று யாராவது சொல்லி வைத்திருந்தால் வக்கீலிடம் முதல் வேலையாக அதைச் சொல்லிவிடு. மெஷினின் ஆர்.சி. புத்தகமும் இன்சூரன்ஸ் தாளும் போட்டோவாகக் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் வண்டி நம்பர் போதும். கூலி ஜிபேயில் வந்திருந்தால் அவன் போனை மறக்காமல் எடுத்து வா, பழைய மெசேஜ் எதையும் அழிக்க வேண்டாம் என்று இன்றைக்கே அவனிடம் சொல். மெஷின்காரர் தரப்பில் யாராவது தாளை நீட்டினால் நீ வரும் வரை கையெழுத்தோ ரேகையோ வைக்க வேண்டாம்.

காலை பஸ்ஸில் ஏறியதும் போன் போடு. ஸ்டாண்டில் வண்டியோடு நிற்கிறேன், பிள்ளை நடக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அன்பு நண்பன்