தலைசுற்றல் என்றால் காதையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பேருந்து நடத்துநராக 27 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பெரியார் நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றம், திருமங்கலம் என்று டவுன் பஸ்ஸில் பாதிக் காலம். வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலை ரூட்டில் மீதிக் காலம். ஒரு கையில் டிக்கெட், மறு கையில் சில்லறை, வாயில் விசில். கம்பியைப் பிடிக்கக் கை ஏது? அப்படி ஓடும் வண்டியில் விழாமல் நின்ற நான், ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் கட்டிலில் படுத்த இடத்திலேயே விழப்போகிறேன் என்று பயந்து அலறினேன்.

விடியற்காலை. வலப்பக்கம் புரண்டதும் சுவரும் விட்டமும் மின்விசிறியும் சேர்ந்து சுழன்றன. கரண்டு போய் விசிறி நின்றிருந்தது. ஆனாலும் என் கண்ணுக்கு அது சுற்றியது. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அரை நிமிடத்தில் அடங்கிவிட்டது. எழுந்து உட்கார்ந்தால் மறுபடியும் ஒரு சுற்று, வாந்தி.

வீட்டில் பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுத்தார்கள். பக்கத்து வீட்டில் லோ பிரஷர் என்றார்கள். போன மருத்துவமனையில் பிரஷர், சுகர் இரண்டும் சரியாக இருந்தன. குளுக்கோஸ் ஏற்றினார்கள். தலைக்கு ஸ்கேன், கழுத்துக்கு எக்ஸ்ரே, கழுத்து எலும்புத் தேய்மானம் என்று ஒரு பட்டை. மாத்திரையில் தூக்கம் வந்ததே தவிர சுற்றல் போகவில்லை. இப்படி எட்டு மாதம். எப்போது சுற்றுகிறது, எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று அங்கே ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

கடைசியில் பெரியாஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போனேன். மகள் வயதுள்ள ஒரு மருத்துவர். முதல் கேள்வியே, "ஐயா, படுக்கையில புரளும்போது சுத்துதா?" என்பதுதான். கட்டிலில் நீளவாக்கில் உட்காரவைத்து, என் தலையை வலப்பக்கம் பாதி திருப்பி, அப்படியே மல்லாத்தி, கட்டில் விளிம்புக்கு வெளியே தலை சற்றுத் தொங்கும்படி பிடித்தார். "கண்ணை மூடாதீங்க, என்னையவே பாருங்க." நாலைந்து நொடி ஒன்றுமில்லை. பிறகு அதே சுழற்சி. அவர் பார்த்ததெல்லாம் என் கருவிழியைத்தான். அது துள்ளித் துள்ளிச் சுழல்வதைக் கூட வந்த என் மகனுக்கும் காட்டினார். சுற்றல் அடங்கியதும் தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பினார். கொஞ்ச நேரம் கழித்து உடம்பையும் ஒருக்களித்து மூக்கு தரையைப் பார்க்கும்படி வைத்தார். பிறகு எழுப்பி உட்காரவைத்தார். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம். மறுநாள் காலை வலப்பக்கம் புரண்டு பார்த்தேன். விட்டம் அசையவில்லை. அழுதுவிட்டேன்.

அவர் விளக்கியதை என் தொழிலோடு சேர்த்துச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். காதின் உட்பகுதியில், கேட்கும் நத்தைக்கூட்டை ஒட்டி, ஒன்றுக்கொன்று குறுக்காக மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. உள்ளே நீர். தலை திரும்பும்போது குழல் கூடவே திரும்பும், நீர் சற்றுப் பின்தங்கும். அந்த வித்தியாசத்தில் சின்னஞ்சிறு மயிரிழைகள் வளைந்து, இந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று மூளைக்குச் சொல்கின்றன. தட்டாமாலை சுற்றிய பிள்ளைகள் நின்ற பிறகும் உலகம் சுற்றுவது, அந்த நீர் இன்னும் ஓய்ந்து நிற்காததால்தான். குழல்களுக்கு அடியில் இரண்டு பைகள். அவற்றில் பிசின் போன்ற படலத்தின் மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள், கிளிஞ்சல் எந்தப் பொருளோ அதே பொருள், ஒட்டிக்கொண்டிருக்கின்றன. டிரைவர் பிரேக் போட்டதும் அந்தத் துகள்களின் கனம் ஒரு பக்கம் சரிகிறது, நாம் காலை அகட்டி ஊன்றிக்கொள்கிறோம். என்னை அத்தனை வருடம் நிற்கவைத்தவை அவைதாம். அந்தத் துகளில் சில பெயர்ந்து குழலுக்குள் விழுந்ததுதான் என் நோய். படுத்த இடத்தில் புரண்டாலே அவை உருண்டு நீரைத் தள்ளும். மூளை ஏமாறும். தலையைப் படிப்படியாகத் திருப்பி அந்தத் துகளைப் பழைய பைக்கே உருட்டிவிட்டார் மருத்துவர். மாத்திரை சுற்றலைத் தணிக்கலாம், துகளை நகர்த்தாது.

பெருமாள்மலை தாண்டுவதற்குள் ஜன்னல் ஓரம் எத்தனை பேர் வாந்தி எடுத்திருக்கிறார்கள்! எலுமிச்சம்பழத்தை நீட்டிக்கொண்டே போவேன். கண் முன்சீட்டையே பார்த்து ஓரிடத்தில் இருக்கிறோம் என்கிறது, காது ஒவ்வொரு வளைவையும் எண்ணிச் சொல்கிறது, இரண்டும் ஒத்துப்போகாமல்தான் அந்தக் குமட்டல் என்று இப்போது தெரிகிறது. சாலையைப் பார்த்துக்கொண்டு வளைவை முன்கூட்டியே அறிகிற டிரைவருக்கு அது வருவது அபூர்வம்.

வாசகர்கள் இந்தப் பக்கத்தையே வைத்து ஒன்று செய்து பார்க்கலாம். செய்தித்தாளை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் இடமும் வலமும் வேகமாக ஆட்டிப் படியுங்கள். எழுத்து தெரியும். பிறகு தலையை அசைக்காமல் தாளை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்து கலங்கிவிடும். தலை ஆடும்போது எதிர்ப்பக்கமாகக் கண்ணைத் திருப்பி நிறுத்துவது காதின் வேலை. குலுங்குகிற பஸ்ஸில் டிக்கெட் நம்பர் என் கண்ணுக்குத் தெரிந்ததும் அதனால்தான். காதின் இந்த வேலையை ஆராய்ந்ததற்காக வியன்னா மருத்துவர் ராபர்ட் பாரனிக்கு 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. நூறு வருடத்துக்கு மேல் தெரிந்த விஷயத்துக்கு நாம் இன்னும் பித்தம் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

நான் இதை எழுத என் அக்காதான் காரணம். மேலூர்ப் பக்கம் கிராமம். "வயசானா கிறுகிறுப்பு வரத்தாண்டா செய்யும்" என்று மூன்று வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். பரணில் இருந்த அண்டாவை எடுக்க அண்ணாந்தவர் அப்படியே சாய்ந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. இன்று வாக்கரைப் பிடித்துத்தான் வாசல்வரை வருகிறார். அண்ணாந்தால் சுற்றுவதும் இதே நோயின் அடையாளம் என்று எனக்கு அப்போது தெரியாது.

எல்லாத் தலைசுற்றலும் இது ஆகாது. பேச்சு குழறினால், கை கால் மரத்தால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், நடக்கவே முடியாமல் போனால், அது மூளையில் ரத்த ஓட்டக் கோளாறாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். செல்போனில் வீடியோ பார்த்துத் தாமாகத் தலையைத் திருப்பிக்கொள்வதும் வேண்டாம். எந்தக் காது, எந்தக் குழல் என்று மருத்துவர் முதலில் பார்க்க வேண்டும்.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் பிரஷர், சுகர் பார்க்க வருகிற சகோதரிகள், வயதானவர்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்கட்டும்: "படுக்கையில் புரண்டால், அண்ணாந்தால், சுற்றுகிறதா?" ஆமாம் என்பவரைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பிவைக்கட்டும். இந்தக் கேள்விக்குக் கருவி எதுவும் வேண்டாம்.

எங்கள் தெருவில் நானே கேட்டுப் பார்த்தேன். மூன்று பேர் ஆமாம் என்றார்கள். இரண்டு பேரைக் கூட்டிப் போய் வந்துவிட்டேன். மூன்றாமவர் பூக்கட்டி விற்கிற அம்மா. முகூர்த்த நாள் முடியட்டும் என்கிறார். வருகிற வியாழக்கிழமை அவரையும் ஆட்டோவில் அழைத்துப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர்,
செல்லூர், மதுரை-2