முதல் நாள் எப்படி விடிந்தது?

கிருஷ்ணகிரி,
ஞாயிறு மாலை.

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. மாமரத்துக்கு மருந்தடிப்பதிலேயே பொழுது போய்விட்டது. இந்த வருடம் பெங்களூரா நன்றாகப் பூத்திருக்கிறது. அம்மாவுக்கு முட்டிவலி தேவலாம், உன்னை விசாரித்தாள்.

இன்று பூசை முடிந்து மறைக்கல்வி வகுப்பில் விவிலியத்தின் தொடக்கநூல் முதல் அதிகாரம் வாசித்தோம். ஆறாவது படிக்கும் பையன் ஒருவன், வசனத்தின்மேல் வைத்த விரலை எடுக்காமலே எழுந்தான். "சார், சூரியனை நாலாம் நாள்தானே படைச்சாரு? அப்ப முதல் நாள் எப்படி விடிஞ்சுது?"

எனக்குப் பேச்சே வரவில்லை. சின்ன வயதில் நீ கேட்ட அதே கேள்வி. "இப்படிக் கேட்டா விசுவாசம் போயிடும்" என்று உன்னை வெளியே முட்டி போட வைத்தார்கள். திரும்பி நடக்கும்போது உன் முட்டியில் சரளைக்கல் அச்சு அச்சாகப் பதிந்திருந்தது. பார்த்தும் நான் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு நீ வரவில்லை. உன் விசுவாசம் போனது அந்தச் சரளையில்தான்.

3ஆம் நூற்றாண்டிலேயே ஓரிஜன் என்ற கிறிஸ்தவ அறிஞர் இதை எழுதி வைத்திருக்கிறார்: சூரியனும் நிலாவும் இல்லாமல் மாலையும் காலையும் ஏது, அறிவுள்ளவன் இதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்வானா என்று. அவருடைய வேறு சில கருத்துகளைத் திருச்சபை பின்னாளில் தள்ளியது உண்மை. ஆனால் இதே முடிச்சோடு புனித அகுஸ்தினாரும் மல்லுக்கட்டியிருக்கிறார். இறையியல் அறிஞரான புனித தாமஸ் அக்குவினாஸ், 'கடவுள் இருக்கிறாரா?' என்று கேட்டுவிட்டு, இல்லை என்பவர்களின் வாதத்தைத்தான் முதலில் எழுதுகிறார். உலகில் இத்தனை தீமை இருக்கும்போது கடவுள் எங்கே என்பதுதான் அதில் முதல் வாதம்.

அதைவிட என்னைத் தொடுவது இயேசுவின் சீடர் தோமா. உயிர்த்த இயேசுவைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவரை மற்றவர்கள் வெளியே தள்ளவில்லை. எட்டு நாள் கழித்து இயேசு வரும்போது அவரும் அவர்களோடு அதே வீட்டுக்குள்தான் இருந்தார்.

பையனிடம், "இதை 1,800 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு பெரிய அறிஞர் கேட்டிருக்கார், உட்காரு, சேர்ந்து யோசிப்போம்" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது அவனுக்கு.

அன்று நானும் உன் பக்கத்தில் முட்டி போட்டிருக்க வேண்டும். இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்தேன், மன்னித்துவிடு.

மே மாதம் காய் பறிப்புக்கு வருவாய் அல்லவா, ஒரு ஞாயிறு வகுப்புக்கும் வா. ஆதாமின் மகன் காயின் யாரைக் கல்யாணம் செய்தான் என்று கேட்க அந்தப் பையன் காத்திருக்கிறான். நீ பக்கத்தில் இருந்தால் எனக்குத் தெம்பாக இருக்கும்.

என்றும் உன்,
பழைய கூட்டாளி