விதை முளைத்ததை ஒருநாள் கண்டானாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆதிமனிதர் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் சிந்திய விதை முளைத்ததைப் பார்த்து மனிதன் விவசாயத்தைக் கண்டுபிடித்தான், அலைவதை விட்டான், பசி தீர்ந்தது என்று மூன்றே வரியில் முடித்துவிட்டீர்கள். உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. வரலாற்று ஆசிரியையாக இருந்த நானும் வருஷா வருஷம் இதையேதான் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். ஓய்வுபெற்ற பிறகு ஆற அமரப் படித்தபோதுதான் அந்த மூன்று வரியும் தேறாது என்று தெரிந்தது.

நாள் முழுக்கக் கிழங்கும் தானியமும் தேடித் திரிந்தவர்களுக்கு விதை முளைக்கும் என்பது தெரியாமலா இருந்திருக்கும்? 1989-இல் இஸ்ரேலில் கலிலேயாக் கடல் என்று சொல்லப்படும் ஏரியில் தண்ணீர் மட்டம் இறங்கியபோது ஒஹாலோ என்ற இடத்தில் 23,000 ஆண்டுகளுக்கு முந்தைய குடிசைகள் தென்பட்டன. உள்ளே காட்டு வாற்கோதுமை மணிகள், தானியம் அரைக்கும் கல். ஜோர்டானில் ஷுபைக்கா என்ற இடத்து அடுப்பில் கருகிய ரொட்டித் துணுக்குகள் கிடைத்தன. வயது சுமார் 14,400 ஆண்டுகள். ஆக, பயிர் செய்யத் தொடங்குவதற்கு ஏறக்குறைய நாலாயிரம் வருஷம் முன்பே ரொட்டி சுட்டிருக்கிறார்கள்! வழிபாட்டிடம் என்று பலரும் கருதும் துருக்கியின் கோபெக்லி தெபேயில் ஐந்து மீட்டருக்கும் மேல் உயரமான கல்தூண்களை நட்டவர்கள் தின்றதும் வேட்டைக் கறியும் காட்டுத் தானியமும்தான். முதலில் வயல், பிறகு வீடு, அப்புறம் கோயில் என்ற வரிசை அங்கேயே அடிபட்டுப் போகிறது.

காட்டுக் கோதுமை முற்றினால் கதிர் உடைந்து மணி தானாக மண்ணில் கொட்டிவிடும். செடிக்கு அது நல்லது, அறுப்பவருக்கு நஷ்டம். (நம் வயல்களில் களைநெல்லோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.) எங்கோ ஒன்றிரண்டு செடியில் மட்டும் மணி உதிராமல் நிற்கும். அறுப்பவர் கைக்கு அதுதான் அதிகம் வரும், மறு விதைப்புக்கும் அதுவே போகும். அப்படி உதிராத வகை மேலோங்க ஆயிரம் வருஷத்துக்கு மேல் பிடித்ததை, சிரியாவிலும் துருக்கியிலும் தோண்டியெடுத்த கருகிய கதிர்த்துண்டுகள் காட்டுகின்றன. கார்டன் சைல்டு என்ற தொல்லியலாளர் இதற்குப் 'புதிய கற்காலப் புரட்சி' என்று பேர் வைத்தார். புரட்சி என்றதும் நமக்கு ஒரே ராத்திரியில் நடந்தது போலத் தோன்றிவிடுகிறது.

சரி, பசியாவது எளிதாகத் தீர்ந்ததா? சிரியாவில் யூப்ரடீஸ் கரையில் அபு ஹுரேரா என்றொரு ஆதி விவசாய ஊர். அணை கட்டி ஏரியில் மூழ்குவதற்கு முன், 1972-73-இல் அவசர அவசரமாகத் தோண்டினார்கள். அங்கே புதைக்கப்பட்ட பெண்களின் எலும்புகளில் கால் பெருவிரல் மூட்டு தேய்ந்திருந்தது. முழங்காலும் கீழ் முதுகும் கெட்டிருந்தன. விரல்களை மடக்கி ஊன்றி, மண்டியிட்டு, மணிக்கணக்கில் கல்லை முன்னும் பின்னும் தள்ளி மாவரைத்த வேலை அது. என் அம்மா ஆட்டுக்கல்லும் திருகையும் சுற்றியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இட்லிக்கும் பலகாரத்துக்கும் அரைப்பதற்கே அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பெண்களுக்கோ தினப்படி சோறே அதுதான். மாவில் கலந்த கல்பொடி பல்லையும் தேய்த்திருக்கிறது.

பின்னே ஏன் காட்டுக்கே திரும்பவில்லை என்று என் மாணவி ஒருத்தி ஒருமுறை கேட்டாள். அன்று நான் மழுப்பிவிட்டேன். ஓரிடத்தில் தங்கினால் பிள்ளைப்பேறு அடுத்தடுத்து வரும், தலைகள் பெருகும். அத்தனை வாய்க்கும் காடு சோறு போடாது. இதை அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்கலாம்.

அடுத்த இதழில் இன்றைய இராக்கில் இருந்த உருக் நகரம் என்று அறிவித்திருக்கிறீர்கள். ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த நகரின் களிமண் பலகைகளில் பெரும்பாலானவை கணக்குகள்தான்: இத்தனை வாற்கோதுமை, இத்தனை ஆடு, இத்தனை பீர். 'சாப்பிடு' என்பதற்கு அவர்கள் எழுதிய குறி, ஒரு தலையும் அதன் வாயருகே ஒரு கிண்ணமும். அச்சில் அழுத்திச் செய்த சொரசொரப்பான மண்கிண்ணங்கள் அங்கே ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. வேலையாட்களுக்குப் படியளந்தவை என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. உருக்கின் கோயில் படத்தைப் பெரிதாகவே போடுங்கள். பக்கத்தில் கொஞ்சம் இடமிருந்தால் அந்தக் கிண்ணத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்.